இரண்டாவது கேட், இரவு ஷிப்ட்

வந்திறங்கிய அன்று அதற்குப் பூசணிக்காய் உடைத்தோம்.
சந்தனம் வைக்க நெற்றி எதுவென்று தெரியாமல்
ஸ்டோர் கீப்பர் கலியபெருமாள்
திரைக்குக் கொஞ்சம் மேலே அப்பினார்.
கற்பூரத் தட்டை முகத்துக்கு நேரே காட்டியதும்
முதன்முதலாக வாய் திறந்தது:
"வெப்பநிலை அதிகம். அனுமதி இல்லை."
மேனேஜர் வரைக்கும் சிரித்தார்கள்.

அதுவரை அந்த வேலை என்னுடையது.
துப்பாக்கி மாதிரி ஒன்றை
ஒவ்வொரு நெற்றிக்கும் நீட்டுவேன்,
நீட்டும்போதே கண்ணை நோட்டில் வைத்துக்கொள்வேன்.
முப்பத்தெட்டு காட்டினால்
"போய் நெழல்ல நில்லு, பத்து நிமிஷம் கழிச்சு வா."
பத்து நிமிஷத்தில் இறங்குகிற ஜுரம்
ஜுரமில்லை,
சிதம்பரம் ரோட்டு வெயில்.

இதற்கு நிழல் தெரியாது.
சொன்னது சொன்னதுதான்.
சொன்ன நொடியில் ஆபீசில் பெயர் விழும்,
பெயர் விழுந்தால் அன்றைய கூலி விழாது.

இப்போது என் வேலை
விடியலில் அதன் கண்ணைத் துடைப்பது.
கடலூர் உப்புக்காற்று ராத்திரியெல்லாம் படிந்திருக்கும்.
கைக்குட்டை கூடாதாம்;
அதற்கென்று ஒரு மஞ்சள் துணி, அதற்கென்று ஒரு பாட்டில்.
எனக்கு இரண்டு வருஷமாக ஒரே யூனிபாரம்.

குடிகாட்டிலிருந்து சைக்கிளில் வருகிறவள் அஞ்சலாட்சி,
டிரம் கழுவும் வேலை.
திங்கட்கிழமை முப்பத்தெட்டு புள்ளி ஒன்று.
செவ்வாய்க்கிழமை முப்பத்தெட்டு புள்ளி இரண்டு.
இரண்டு நாளும் சைக்கிளைத் திருப்பினாள்,
இரண்டு நாளும் திட்டு அதற்கில்லை, எனக்கு:
"நீதான அதுக்குக் கரண்டு குடுக்கற?"

புதன்கிழமை பெட்டிக்கடையில்
ஐஸ் தண்ணீர் பாக்கெட் ஒன்று வாங்கி
நெற்றியில் அழுத்திக்கொண்டே வந்தாள்.
இருபத்தொன்பது.
அந்தக் கணக்குப்படி அவள் செத்திருக்க வேண்டும்.
"நன்றி. உள்ளே செல்லவும்."

வியாழக்கிழமை
பாக்கெட் விலை ஒரு ரூபாய் ஏறியது.

போன வாரம் எனக்கு ராத்திரி ஷிப்ட்.
கேட்டோரம் படுக்கிற செவலை நாய்
புரண்டு எழும்போதெல்லாம்
"முகக்கவசம் அணியவும், முகக்கவசம் அணியவும்."
நாயும் எவ்வளவுதான் பொறுக்கும்?
நானும்தான்.
தோள் மாதிரி இருந்த இடத்தைப் பிடித்து
அப்படியே உட்பக்கம் திருப்பி வைத்தேன்.

நேர் எதிரே பாய்லர் ஹவுஸ்.
கதவிடுக்கில் ஆரஞ்சு வெளிச்சம்.
கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி இருந்தது, பிறகு
"வெப்பநிலை அதிகம். அனுமதி இல்லை.
தயவுசெய்து வீட்டுக்குச் செல்லவும்."

அரை நிமிஷம் விட்டு மறுபடியும்.
மறுபடியும்.
அஞ்சலாட்சியிடம் பேசிய அதே குரல்,
ஏற்றமில்லை இறக்கமில்லை.
ஒருத்தரும் ஆபீசுக்குள் அழைத்து
கதவைச் சாத்திக்கொண்டு பேசவில்லை அதனிடம்;
ஸ்டாக் போகிற லாரி எத்தனை, கெடு எந்தத் தேதி
ஒன்றும் சொல்லவில்லை.
அதனால் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஸ்விட்ச் கைக்கெட்டும் தூரம்தான்.

ரெண்டு மணிக்குமேல் வழக்கம்போல
அழுகின முட்டையும் பழுத்த பலாவும் கலந்த அந்த வாடை
மதிலேறி இறங்கிக் குடிகாட்டுப் பக்கம் போனது.
உள்ளே வருகிறவர்களுக்குத்தான் கேட்,
வெளியே போவதை நிறுத்தி
நெற்றியைக் காட்டு என்று கேட்க
எனக்கு உத்தரவில்லை, அதற்குப் புரோகிராம் இல்லை.
மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு
ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.
ஜன்னலைச் சாத்தியிருப்பாள் இந்நேரம்.

ஐந்தரைக்கு ரோட்டைப் பார்த்துத் திருப்பினேன்,
துடைத்தேன்.
ஆறு மணிக்கு ஆபீசிலிருந்து போன்:
"என்னய்யா, நைட்டு எழுநூத்திப் பதினோரு பேருக்கு
ஜுரம்னு காட்டுது? யார் யாரு?"

"ஒரே ஆள்தான் சார்.
போகச் சொல்லியும் போகல."